கணியம்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

முட்டம் கடலில் ஃபைபர் வள்ளத்தில் ஒரு நாள் தூண்டில் போடப் போய்வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். ஜிபிஎஸ்ஸைத் தொடாமலே அந்தப் பெரியவர் கடலடிப் பாறையைக் கண்டுபிடித்தார் என்கிறீர்கள். கரையில் எதையெதை அடையாளம் வைத்தார் என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே, ஏன்? கலவா மீனின் வாயிலிருந்து பலூன் போல ஏதோ பிதுங்கியது என்று எழுதியிருந்தீர்கள். அது நோயா? காலை நாலு மணியிலிருந்து மதியம் வரை உட்கார்ந்து ஏழு மீன் என்றால் கட்டுப்படியாகுமா? நானும் நண்பர்கள் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிப் போகலாம் என்றிருக்கிறோம்.

க., கோயம்புத்தூர்

அன்புள்ள க.,

மீனிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் எளிது. நோய் இல்லை. நாங்கள் தூண்டில் இறக்கியது 25 பாகத்தில். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், சுமார் 6 அடி. ஆக 45 மீட்டர் ஆழம். அங்கே அழுத்தம் மேலே இருப்பதைப்போல ஐந்தரை மடங்கு. தங்கூசியை, அதாவது தூண்டிலின் நைலான் நரம்பை, விறுவிறுவென்று இழுத்ததும் மீனின் காற்றுப்பை ஊதிப்பெருத்து இரைப்பையை வாய்வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. கண் பிதுங்குவதும் அதனால்தான். சாப்பிடலாம், சாப்பிட்டோம். ஆனால் குட்டி மீன் என்று இரக்கப்பட்டுத் திருப்பி விட்டால் அதால் அடிக்குப் போக முடியாது. நான் ஒன்றை அப்படி விட்டேன். மல்லாந்து மிதந்தது. பெரியவர் ஒன்றும் பேசாமல் வள்ளத்தைத் திருப்பி அதை அள்ளி உள்ளே போட்டார்.

சரி, அடையாளங்களுக்கு வருவோம். அதற்குக் கணியம் என்று பெயர். கரையில் ஒரு கோயில் கோபுரம், அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு மலைமுனை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிற மாதிரி வள்ளத்தை வைத்துக்கொண்டால் நீங்கள் ஒரு நேர்கோட்டில் இருக்கிறீர்கள். அந்தக் கோட்டை விடாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும், கரையின் வேறொரு பக்கத்தில் இன்னொரு ஜோடி ஒன்றுசேரும்வரை. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில், கண்ணுக்குத் தெரியாத பாறை உங்களுக்கு நேர் கீழே. சற்று விலகினாலும் கோபுரம் மலையை விட்டு நகர்ந்துவிடும். வெளியே போகப்போக முதலில் தென்னைகள் முங்கும், அப்புறம் கோபுரம். மலைகள் மட்டும் கடைசிவரை நிற்கும். மேற்குத் தொடர்ச்சி மலை கடலுக்கு இத்தனை பக்கத்தில் இருப்பது குமரிக்காரர்களின் அதிர்ஷ்டம்.

அன்று பெரியவர் அமரத்தில், அதாவது வள்ளத்தின் பின்பக்கத்தில், எஞ்சினைப் பிடித்துக்கொண்டு, என்னோடு பேசியபடியே, கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முன்பக்கம், அணியத்தில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததால் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. திடீரென்று எஞ்சினை நிறுத்தி ஈயக்குண்டை இறக்கச் சொன்னார். குண்டு கல்லில் தட்டிய அதிர்வு விரலுக்கு வந்தது. கணவாய்த் துண்டுதான் இரை. மூன்றாவது மீன் ஏறும்போது தூரத்தில் ஒரு வள்ளம் தெரிந்தது. தூண்டிலைச் சுருட்டச் சொன்னார். எஞ்சினைத் திறந்து வைத்து, பழுது பார்ப்பதுபோல் உட்கார்ந்துகொண்டார். அப்படியே நீரோட்டத்தில் ஒதுங்கிப் போனோம். அந்த வள்ளம் தாண்டிப் போனபிறகுதான் திரும்பி வந்து இரண்டாவது முறை கணியம் பிடித்தார்.

ஏன் இவ்வளவு கூத்து என்று எனக்கும் தோன்றியது. பாறை இருக்கும் இடத்தில் இழுவலை கிழிந்துவிடும் என்று விசைப்படகுகள் விலகிப் போகின்றன. அதனால் அங்கே மீன் மிச்சமிருக்கிறது. அந்த இடம் பத்துப் பேருக்குத் தெரிந்தால் தூண்டிலே அதைக் காலி செய்துவிடும். அவரிடம் ஜிபிஎஸ் கருவி உண்டு, பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைத்திருக்கிறார். மேகம் மலையை மறைத்தால் கணியம் உதவாது, அப்போது கரை திரும்ப அதுதான் கதி. ஒக்கி புயலுக்குப் பிறகு அது இல்லாமல் வள்ளம் இறக்குவதில்லை. 2017 நவம்பர் 30-ஐ அந்தக் கரையில் யாரும் மறக்கமாட்டார்கள். ஆனால் பாறைகளை அதில் பதிந்து வைக்கவில்லை. "மெஷின்ல போட்டா மெஷின வச்சிருக்கவனுக்குத்தானே சொந்தம்" என்றார். கரை ஏறும்போது, "இத மட்டும் எழுதிப்போடாத மக்கா."

அதனால்தான் எழுதவில்லை. மேலே சொன்ன கோபுரமும் மலைமுனையும்கூட விளக்கத்துக்காகச் சொன்னவை. அங்கே போய்த் தேடாதீர்கள்.

கட்டுப்படியாகுமா என்றால், ஆகாது. ஏலத்தில் ஐந்து மீன் போனது, எண்ணெய்க் காசு வந்தது. மற்ற இரண்டும் குழம்புக்கு. அதே பாறையில் கூடை நிறைந்த நாட்களும் உண்டு என்றார். அதை நான் பார்க்கவில்லை.

போகிறீர்கள் என்றால் ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். ஜூன், ஜூலை வேண்டவே வேண்டாம், அலை தூக்கி அடிக்கும். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் கள்ளக்கடல் எச்சரிக்கை (இங்கே காற்றே இல்லாதபோதும் தூரத்திலிருந்து வந்து ஏறும் பேரலை) விட்டிருந்தால் வெயில் அடித்தாலும் இறங்காதீர்கள். லைஃப் ஜாக்கெட்டை நீங்களே கொண்டுபோங்கள், வள்ளத்தில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். முந்தைய இரவு பரோட்டாவைத் தவிர்ப்பது உத்தமம், இது பட்டுத் தெரிந்தது.

அப்புறம், ஞாயிறு என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று அந்த ஊர்களில் வள்ளம் இறங்காது, சர்ச்சுக்கு, பூசைக்குப் போய்விடுவார்கள். வெள்ளிக்கிழமை ஒருநாள் லீவு போட முடியுமா பாருங்கள்.