மரத்தடி கேள்வி பதில்: பதினேழு மரத்தையும் ஒரே நாள்ல வெட்டணுமா?

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். எங்க தெருவுல 18 குல்மோகர் மரம் நின்னுச்சு, எல்லாம் முப்பது வருஷத்துக்கு முந்தி ஒண்ணுபோல வச்சது. போன ஆனிக் காத்துல ஒண்ணு மூட்டோட சாஞ்சு கார் மேல விழுந்துட்டு. இப்ப தெரு சங்கத்துல மிச்சம் 17ஐயும் ஒரே நாள்ல வெட்டிட்டு வரிசையா புங்கை வச்சிருவோம்னு சொல்லுதாவ. எனக்கு மனசு கேக்கல, என்ன செய்ய?
(வாசகி, பெருமாள்புரம்)

பதில்: தங்கச்சி, மொதல்ல விழுந்த மரத்தோட குழியப் போய் பாத்தியளா? நம்ம திருநெல்வேலிக்கு ஆனி ஆடிக் காத்து செங்கோட்டைக் கணவாய் வழியா மேக்க இருந்துல்லா வருது, அப்ப மரத்த கயிறு மாதிரி இழுத்துப் பிடிச்சு நிக்கிறது மேக்குப் பக்கத்து வேருதான். அந்தப் பக்கம் வாறுகால் (சாக்கடை) தோண்டுறேன்னு ஜேசிபி வந்து தொடை தண்டி வேர நறுக்குனு வெட்டிட்டுப் போயிரும், மேல பாத்தா மரம் பச்சப்பசேல்னு பூ பூத்து நிக்கும், ரெண்டு மூணு வருஷம் கழிச்சு ஒரு காத்துக்கு கிழக்க பாத்து விழும். நான் பாத்தவரைக்கும் அனேகமா இதான் கதை. குல்மோகர் மேலயும் குத்தம் உண்டு, மடகாஸ்கர்ல இருந்து அழகுக்காக வந்த மரம், வேர் மேலாப்ல ஓடும், கொப்பு படக்குனு முறியும். அதுக்காக 17க்கும் தூக்குத்தண்டனை கொடுத்துரக் கூடாது.

ஒவ்வொரு மரமா போய் பாருங்க. மூட்டுல காளான் மொளச்சிருக்கா, உலக்கையாலயோ சுத்தியலாலயோ தட்டுனா பொந்து சத்தம் கேக்கா, மேக்குப் பக்கம் மண்ணு வெடிச்சு தூக்கி நிக்கா, புதுசா சாஞ்சிருக்கா. இப்படி நாலஞ்சு மரம் தேறும், அத இந்த வருஷம் எடுக்கலாம். மிச்சத்துக்கு காஞ்ச கொப்ப மட்டும் கழிச்சா போதும். அதையும் கரண்டு கம்பிக்கு வெட்டுற மாதிரி தலைய மொட்டையடிக்கப்பிடாது, வெட்டுன இடத்துல கொத்துக்கொத்தா துளுக்கிற கொப்பு பிடிமானமே இல்லாதது, பின்னால அதான் முறிஞ்சு விழும். ரோட்டு மரத்துல நீங்களா கைவைக்க முடியாது பாத்துக்கோங்க, மாநகராட்சிக்கு எழுதிக் கொடுங்க, பொது இடத்து மரம் வெட்டுறதுக்கு கலெக்டர் தலைமையில மாவட்ட பசுமைக் குழுன்னு ஒண்ணு இருக்கு, அங்க அனுமதி வாங்கணும்.

புது கன்னு வைக்கிறதுக்கு பழைய மரம் போகணும்னு காத்துக்கிட்டு இருக்காதிய. ரெண்டு மரத்துக்கு நடுவுல இடம் இருக்குல்லா, அங்க இப்பவே வச்சிருங்க. அது ஆளாகி நிழல் கொடுக்க ஏழெட்டு வருஷம் ஆகும், அதுக்குள்ள பழசுல மூணு நாலு ஒவ்வொண்ணா கழிஞ்சுரும். மொத்தமா வெட்டுனா அந்த ஏழெட்டு வருஷம் சித்திரை வெயிலுக்கு தெருவே தோசைக்கல்லாத்தான் கெடக்கும், அதுவும் பாளையங்கோட்டை வெயிலுக்கு! அப்புறம் முப்பது வருஷம் கழிச்சு எல்லாம் ஒண்ணுபோல கிழடாகும், அப்பவும் இதே கூட்டம் போடணும்.

வரிசையா புங்கை மட்டும்ங்கிறதுலதான் எனக்கு சண்டையே. புங்கை நல்ல மரம், ஆனா குல்மோகர், புங்கை, வாகை, தூங்குமூஞ்சி, சரக்கொன்றை, புளி எல்லாமே அவரைக் குடும்பம், ஒரு சீக்கு வந்தா பங்காளி வீடு பூரா போகும். சாண்டமோர்னு அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1990ல ஒரு கணக்கு சொன்னாரு, ஊர்ல நிக்கிற மரத்துல ஒரே இனம் நூத்துக்கு 10, ஒரே பேரினம் (நெருங்குன சொந்தக்கார இனங்க சேந்த கூட்டம்) 20, ஒரே குடும்பம் 30, அதுக்கு மேல போகக்கூடாதுன்னு. ஒரு தெருவுல அத அப்படியே செய்ய முடியாது, நாலஞ்சு சாதியா கலக்கலாம். அகலமான பக்கம் வேம்பு, நாவல், வாறுகால் ஓரம் ஈரம் இருந்தா மருதம், கரண்டு கம்பிக்குக் கீழ சரக்கொன்றை, மந்தாரை. புங்கையும் ரெண்டு இருக்கட்டும்.

கன்ன புரட்டாசி கடைசியில, ஐப்பசி மழைக்கு முந்தி வைங்க, மூணுக்கு மூணு அடி குழி. பாக்கெட்ட கிழிச்சதும் வேர உத்துப் பாருங்க. நான் ஒருதடவை அவசரத்துல பாதாம் கன்னு ஒண்ண அப்படியே எறக்கிட்டேன், ஆறாவது வருஷம் காத்துல விழுந்துச்சு, தோண்டிப் பாத்தா வேர் பூரா சும்மாடு மாதிரி உருண்டையா சுத்திக்கெடக்கு, மண்ணுக்குள்ள ஒரு முழம்கூட போகல. சுத்துன வேர பிளேடால அறுத்து விரிச்சு விட்டிருந்தா தப்பிச்சிருக்கும், என் சோம்பேறித்தனம்.

இன்னொண்ணு, பேவர் பிளாக் போட வாரவங்க மரத்து கழுத்து வரைக்கும் சிமெண்ட பூசிருவாங்க. டெல்லியில மரத்தச் சுத்தி ஒரு மீட்டருக்கு சிமெண்ட் இருக்கப்பிடாதுன்னு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013லயே உத்தரவு போட்டுருக்கு. சங்கத்துல அத சொல்லிக் காட்டி மரத்துக்கு மண்ண விட்டுவைங்க.

கேள்வி: கொனோகார்பஸ்னு ஒரு மரம் வச்சா ரெண்டே வருஷத்துல பச்ச சுவர் மாதிரி வருதாமே, வைக்கலாமா?
(வாசகர், கேடிசி நகர்)

பதில்: வேண்டாம் தம்பி. வேர் தண்ணிய தேடிப் போயி பைப்புலயும் வாறுகால்லயும் நொழஞ்சிரும். குஜராத்துல 2023லயே தடை போட்டாச்சு. வெரசா வளருதுங்கிறதுக்காக வச்சிட்டு அப்புறம் பிளம்பருக்கு அழணும்.

கேள்வி: வாசல்ல நிக்கிற வேம்பு கார்த்திகையில இருந்து நுனி நுனியா கருகுது. பட்டுப்போச்சு, வெட்டிருவோம்னு வீட்டுக்காரர் நிக்கிறாரு.
(வாசகி, தச்சநல்லூர்)

பதில்: அக்கா, அருவாவ வாங்கி ஒளிச்சு வைங்க. தேயிலைக்கொசுன்னு ஒரு பூச்சி கொழுந்துல சாறு உறிஞ்சும், கூடவே ஒரு பூஞ்சாணமும் சேரும், அதனால மழைக்காலம் தொட்டு தை வரைக்கும் வேம்பு நெருப்பு வச்சாப்ல கருகி நிக்கும். நல்லா வளந்த மரம்னா பெரும்பாலும் செத்துராது. பட்டைய நகத்தால லேசா சொரண்டிப் பாருங்க, உள்ள பச்சை தெரிஞ்சா உசுரு இருக்கு. காஞ்ச நுனிய மட்டும் கழிச்சு எரிச்சிருங்க. மாசி பங்குனியில துளுக்கும், வீட்டுக்காரர அதுவரைக்கும் எப்படியாவது பிடிச்சு வைங்க.