மூத்தவளுக்கு ஆடாதோடை, சின்னவனுக்கு என்ன?

கேள்வி: மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு ஏழு மாதம். மழை தொடங்கியதிலிருந்து இரண்டு பேருக்கும் தடிமன், மகள் இரவிரவாக இருமுகிறாள். ஆடாதோடை இலையை அவித்துத் தேன் விட்டு இரண்டு பேருக்கும் பருக்கச் சொல்கிறா மாமி. கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை நெஞ்சில் பூசவும் சொல்கிறா. செய்யலாமா?
(ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு தாய்)

பதில்: தங்கச்சி, முதலில் சின்னவனைப் பார்ப்போம். அவனுக்குத் தேன் வேண்டவே வேண்டாம், நாக்கில் தொட்டு வைக்கவும் வேண்டாம். எங்கட காட்டுத் தேன் கலப்படமில்லாததுதானே என்று மாமி கேட்பா. கலப்படம் இல்லாத தேனிலும் பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் கிருமியின் வித்துகள் சில வேளை இருக்கும். எங்கள் குடல் அதைச் சமாளித்துவிடும். ஒரு வயது நிரம்பாத பிள்ளையின் குடலிலோ அது முளைத்து நஞ்சைச் சுரந்து, பிள்ளை துவண்டு பால் உறிஞ்சவும் முடியாமல் போய்விடும். சுடுதண்ணீரில் கரைத்தாலும் அந்த வித்து சாகாது. கற்பூர எண்ணெயும் இந்த வயதுக்கு ஆகாது, வலிப்பு வரைக்கும் கொண்டுபோய்விடும். அவனுக்குத் தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள், மூக்கடைத்தால் பாமசியில் விற்கும் உப்புத்தண்ணீர்ச் சொட்டு விடுங்கள், அது போதும். அவன் அழாமல் படுத்திருக்கும்போது சட்டையை விலக்கி, மணிக்கூட்டைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஐம்பதோ அதற்கு மேலோ என்றாலும், மூச்செடுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும் விடியும்வரை பார்த்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மகளுக்குப் படுக்கப்போகும்போது ஒரு தேக்கரண்டி தேன் தாராளமாகக் கொடுக்கலாம், இரவு இருமலைத் தணிக்கும். மல்லியைச் சட்டியில் மணம் வர வறுத்து, வேர்க்கொம்பும் நாலு மிளகும் தட்டிப் போட்டு, நாலு கப் தண்ணீர் இரண்டாக வற்றும்வரை அவியுங்கள். காரம் கூடினால் பிள்ளை துப்பிவிடும், அவளுக்கு மிளகைக் குறைத்து, கடிக்கப் பனங்கட்டியும் ஒரு துண்டு கொடுத்தால் குடித்துவிடுவாள்.

ஆடாதோடை வேலியோரம் நிற்கிறது என்பதற்காக அது சும்மா இலை இல்லை. அதிலுள்ள வாசிசின் என்ற சத்தை வைத்துத்தான், சளியை இளக்க டாக்டர்மார் எழுதும் புரோம்ஹெக்சின் மருந்தே உருவானது. மருந்தென்றால் அளவும் வேண்டும், ஆகவே பிள்ளையைச் சித்த வைத்தியரிடம் காட்டி, எத்தனை இலை, எத்தனை நாள் என்று கேட்டுக் கொடுங்கள். வீட்டில் கர்ப்பிணி யாரும் இருந்தால் அவர் ஆடாதோடையைத் தொடவே கூடாது, கருப்பையைச் சுருங்க வைக்கும் குணம் அதற்கு உண்டு.

கேள்வி: தடிமன் கெதியாக மாற அன்டிபயோட்டிக் நல்லதா, நொச்சி இலை போட்டு வேது பிடிப்பது நல்லதா?
(வவுனியா வாசகர்)

பதில்: இரண்டாலும் கெதியாக மாறாது. தடிமன் வைரசால் வருவது, அதில் அன்டிபயோட்டிக்குக்கு வேலை இல்லை, ஒரு கிழமை பத்து நாளில் தானாகப் போகும். வேது பிடித்தால் மூக்குத் திறந்து தலைப்பாரம் குறையும், அந்தச் சுகத்துக்காகப் பிடியுங்கள். கொதிக்கிற பானைக்குக் கிட்ட மட்டும் சின்னப் பிள்ளைகளை விடாதீர்கள், அது சரிந்து வெந்துபோன பிள்ளைகள் உண்டு.

கேள்வி: 58 வயது. நெல்லுச் சூடடித்த நாளிலிருந்து மூன்று கிழமையாக இருமல். கற்பூரவள்ளி, தூதுவளை இரசம் எல்லாம் பார்த்தாயிற்று.
(நெடுங்கேணி விவசாயி)

பதில்: ஐயா, இரசத்தைக் குடியுங்கள், ஆனால் இனியும் அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். இரண்டு கிழமையைத் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்தே ஆகவேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் செய்வார்கள். காசநோயாக இருந்தாலும் ஆறு மாதம் விடாமல் மருந்தெடுத்தால் முற்றாக மாறும், அதனால் பயந்து ஒளிக்க வேண்டாம். நெல்லுத் தூசியால் வந்த தொய்வாகவும் (ஆஸ்துமா) இருக்கலாம். இன்னொன்று, பிரஷருக்கு எனாலாப்ரில் குளிசை போடுகிறீர்களா? அதுவும் வறட்டு இருமலைத் தரும். நீங்களாக நிறுத்தாமல், போடுகிற குளிசை எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். இந்தக் கிழமையே போங்கள்.