புருவம் வரைகிற வேலைதானே என்று நினைக்காதீர்கள்

மகள் பர்மனன்ட் மேக்கப் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், இதெல்லாம் ஒரு படிப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்புதான். ஆனால் நீங்கள் பயப்படுகிற மாதிரி வெறும் பார்லர் வேலையும் இல்லை, அவள் நம்புகிற மாதிரி இரண்டு நாளில் கற்றுக்கொண்டு கல்லா கட்டுகிற வேலையும் இல்லை.

பெயரில்தான் மேக்கப், செய்வது பச்சை குத்துவது. தோலின் மேலடுக்குக்குச் சற்றுக் கீழே, 2 மி.மீ.க்கும் குறைவான ஆழத்தில் ஊசியால் நிறமியை இறக்க வேண்டும். மேலாகவே நின்றுவிட்டால் பொருக்கோடு நிறமும் உதிர்ந்துவிடும். ஆழமாகப் போனால் பழுப்புப் புருவம் சாம்பல் நீலமாகிவிடும், தழும்பும் விழலாம். இடது கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஒவ்வொரு முடியாகக் கீற வேண்டும். இந்தக் கைப்பழக்கம் பழகுவதற்கென்றே இருக்கிற ரப்பர் தோலில் மாதக்கணக்கில் கீறினால்தான் வரும்.

பயிற்சி மையத்தைப் பார்க்கப் போனால், புருவம் குத்திய அன்றே எடுத்த படங்களில் மயங்காதீர்கள். முதல் நாள் எல்லாப் புருவமும் அழகுதான். ஒரு வாரத்தில் பொருக்கு உதிர்ந்து நிறமே போய்விட்ட மாதிரி இருக்கும், அப்புறம் மெல்லத் திரும்பும், ஆறேழு வாரம் கழித்துத்தான் கைத்திறன் தெரியும். அப்படிப் புண் ஆறிய பிறகு எடுத்த படங்களைக் கேளுங்கள். மேற்பார்வையில் எத்தனை பேருக்கு அவளே செய்யலாம், யாருக்குச் செய்யக்கூடாது என்று பாடம் உண்டா என்றும் கேளுங்கள். கர்ப்பிணி, தழும்பு தடித்து வளர்கிற உடம்புக்காரர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்று திருப்பி அனுப்ப வேண்டியவர்கள் நிறைய. 'இன்று முடியாது' என்று சொல்லத் தெரியாதவர்களை எனக்கு இந்தத் தொழிலில் பிடிப்பதில்லை.

அழகு மட்டும்தானே என்றும் எழுதியிருந்தீர்கள். மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு முலைக்காம்பை வண்ணத்தால் மீட்டுத் தருவதும், புருவ முடி மொத்தமும் கொட்டியவருக்கு முகத்தைத் திருப்பிக் கொடுப்பதும் இதே ஊசிதான்.

சரி, பணம் கட்டுவதற்கு முன்னால் இரண்டு காரியம். ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, தினம் பத்து ஜோடிப் புருவம் பென்சிலால் வரையச் சொல்லுங்கள், நோட்டு தீருவதற்குள் சலித்துவிடுகிறதா பார்ப்போம். ரத்தத்தோடு புழங்குகிற வேலை என்பதால், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறாளா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.