அப்பாவின் 230ஈ: நிறுத்தி வைப்பதா, ஓட்டுவதா?

கேள்வி: ஐயா, என் அப்பாவின் மெர்சிடிஸ் 230ஈ, 1990 ஆகஸ்ட்டில் பதிவான வண்டி. அப்பா போன வருடம் தவறிவிட்டார். சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) 2030 வரை இருக்கிறது. நான் வேலைக்கு ரயிலில் போகிறவன். பழைய வண்டிகளுக்கான கிளாசிக் திட்டத்துக்கு மாற்றினால் சாலை வரி மிச்சமாகும் என்கிறார்கள் நண்பர்கள். மாற்றிவிடலாமா? எப்படிப் பராமரிப்பது? அப்பா அதிகம் ஓட்டவில்லை. டயர்கூட இன்னும் புதுசு போலத்தான் இருக்கிறது. (ஈசூன் வாசகர்)

பதில்: மாற்றலாம், ஆனால் இப்போது வேண்டாம். ஒரு வருடம் பொறுங்கள்.

நண்பர்கள் சொல்லும் கணக்கு சரிதான். 2,300 சிசி என்ஜின், 14 வயதைத் தாண்டியதால் 50 விழுக்காடு கூடுதல் வரி. எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஏறக்குறைய 2,340 வெள்ளி கட்டுகிறீர்கள். கிளாசிக் திட்டத்தில் 310 வெள்ளியோடு முடிந்துவிடும். 35 வயது நிறைந்த வண்டி என்பதால் தகுதியும் உண்டு. ஆனால் அப்புறம் வருடத்துக்கு அதிகபட்சம் 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். மீதி 320 நாள் அது புளோக்குக்குக் கீழே சும்மா நிற்கும். சிங்கப்பூரின் சூட்டிலும் ஈரத்திலும் பழைய வண்டியைக் கெடுப்பது ஓட்டம் அல்ல, இந்த நிற்பதுதான்.

உங்கள் வண்டியின் உடல்நிலை உங்களுக்கே இன்னும் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கும், எந்தச் சத்தம் புதுசு, எது பத்து வருடமாக இருப்பது என்று. அதை நீங்கள் கற்றுக்கொள்ள வண்டி ஓடியாக வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது எடுங்கள்; சனிக்கிழமை தேக்கா, ஞாயிறு சாங்கி என்று எங்கேயாவது. ஒளிந்திருக்கும் கோளாறெல்லாம் ஆறு மாதத்தில் தலை காட்டும். ஒரு வருட வரியில் கூடுதலாகப் போகும் 2,030 வெள்ளியை வைத்தியச் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சிஓஇ கையில் இருக்கும்போதே பழுதையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு மாற்றுவதுதான் புத்தி. பழுதோடு மாற்றிவிட்டால், பட்டறைக்கு அலையும் ஒவ்வொரு நாளும் அந்த 45-இல் ஒன்றைத் தின்னும்.

இப்போது வண்டிக்கு வருவோம். இது டபிள்யூ124 வகை. தகடும் என்ஜினும் கெட்டி. முதலில் போவது ரப்பர். அதிலும் பெட்ரோல் ஹோஸ். இந்த என்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சித் தரும் கேஈ-ஜெட்ரானிக் முறையில் பெட்ரோல் 5 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் ஓடுகிறது. பம்பு பின்சக்கரத்துப் பக்கம் வண்டிக்கு அடியில் இருப்பதால் பானட்டைத் திறந்து பார்ப்பவர் கண்ணில் அது படவே படாது. என் வண்டியில் ஒருநாள் காலை லேசான பெட்ரோல் வாடை. முந்தின நாள் நிரப்பியபோது சிந்தியிருக்கும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் லிஃப்டில் ஏற்றியபோது பம்புக்குப் போகும் ஹோஸை மெக்கானிக் விரலால் வளைத்துக் காட்டினார். காய்ந்த முருங்கைப்பட்டை மாதிரி குறுக்கே வெடித்திருந்தது. ஓடும்போது தெறித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கப் பிடிக்காது. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால், வேறு எதையும் தொடுமுன் எல்லாப் பெட்ரோல் ஹோஸையும் மாற்றுங்கள்.

அடுத்தது ஒரு சின்னச் சோதனை. என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, சிவப்பு விளக்கில் இரண்டு நிமிடம் நின்று கிளம்பும்போது பின்கண்ணாடியைப் பாருங்கள். குபுக்கென்று ஒரு நீலப்புகை வந்து மறைந்தால் வால்வு ஸ்டெம் சீல், அதாவது வால்வுத் தண்டு வழியாக எண்ணெய் இறங்காமல் தடுக்கும் ரப்பர், இறுகிப்போயிருக்கிறது. அதற்காக என்ஜினை முழுசாகப் பிரிக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்த என்ஜினில் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாமலே, காற்றழுத்தத்தில் வால்வைத் தாங்கவைத்து சீலை மட்டும் மாற்றலாம். "ஓவராலிங்தான் வழி" என்று எடுத்த எடுப்பில் சொல்லும் இடத்திலிருந்து நன்றி சொல்லிக் கிளம்புங்கள்.

ஏசியைப் பற்றி எனக்கு ஒரு பழைய மனக்குறை உண்டு. ஒரு பட்டறையில் நான்கு மாதம் தொடர்ந்து கேஸ் நிரப்பினார்கள், நான்கு தடவையும் காசு வாங்கினார்கள். கசிவு டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் எவாப்பரேட்டரில், காற்றைக் குளிரவைக்கும் பாகத்தில். அதை எடுக்க டேஷ்போர்டு முழுக்க வெளியே வரவேண்டும்; நாள் கணக்கில் பிடிக்கும் வேலை, கூலியும் அதற்கேற்ப. குளிர்ச்சி அடிக்கடி குறைகிறதென்றால் கேஸ் நிரப்புவதற்கு முன்னால் கசிவு எங்கே என்று கண்டுபிடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

உதிரிபாகத்துக்குப் பயப்பட வேண்டாம். சின் மிங், காக்கி புக்கிட் பக்கம் இந்த வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கதவுக் கைப்பிடி, உள்ளே பதித்த மர அலங்காரம் போன்றவற்றை ஜோகூரின் ஹாஃப்கட் கடைகளில், பழைய வண்டிகளை வெட்டி உதிரிபாகம் விற்கும் இடங்களில், தேடலாம். பிரேக், ஸ்டியரிங் சாமான்களை மட்டும் பழசாக வாங்காதீர்கள்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஓடினாலும் நின்றாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கூலன்ட்டும் அப்படியே, குழாய்த் தண்ணீரை ஊற்ற வேண்டாம். ஆட்டோ கியர் எண்ணெயை, வண்டி சூடாகி என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, கியரை 'பி'யில் வைத்துப் பார்க்க வேண்டும். அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். அதை நம்பி அதிகம் ஊற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வருடம் கிளாசிக்குக்கு மாறிய பிறகு, 45 நாளையும் பண்டிகைக்கென்று சேர்த்து வைக்காதீர்கள். கிட்டத்தட்ட எட்டு நாளுக்கு ஒருமுறை வருகிறது, அப்படியே எடுங்கள். எடுத்தால் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள். கார்நிறுத்துமிடத்திலேயே ஐந்து நிமிடம் முடுக்கி அணைப்பது நல்லது என்று ஒரு நம்பிக்கை நம்மூரில் உண்டு. அதில் எண்ணெய் சூடாவதில்லை, புகைக்குழாயில் நீர்தான் தேங்கும், துரு பிடிக்கும். வீவக அடுக்குமாடிக் கார்நிறுத்துமிடத்தில் பேட்டரி சார்ஜருக்குப் பிளக் எங்கே கிடைக்கப்போகிறது? பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்தால் போதும்.

சரி, டயர். பட்டன் தேயாமல் இருப்பதைப் பார்த்துப் புதுசு என்கிறீர்கள். பக்கவாட்டில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் எழுத்துகளுக்குக் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றிருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பத்து வயதைத் தாண்டியிருந்தால், பட்டன் எப்படி இருந்தாலும் நான்கையும் மாற்றிவிட்டு அப்புறம் வண்டியை விரைவுச்சாலையில் ஏற்றுங்கள். ஸ்பேர் டயரையும் பாருங்கள். பல வண்டிகளில் அது முதலாளியைவிட மூத்தது.