வாசகர் கேள்வி – பதில்: காணித் தரகும் காணொளியும்

கேள்வி: பரந்தனில் காணி, வீடு விற்பனைத் தரகு செய்து வருகிறேன். இப்போது இளைஞர்கள் பலர் யூரியூப்பிலும் ரிக்ரொக்கிலும் காணிகளைக் காட்டி வெளிநாட்டில் உள்ளவர்களைப் பிடித்துவிடுகிறார்கள். நானும் கைத்தொலைபேசியில் எடுத்துச் சில காணொளிகளைப் போட்டேன். பலர் பார்த்தார்கள், வாங்குவதற்கென்று ஒருவரும் அழைக்கவில்லை. நல்ல கமராவும் ட்ரோனும் வாங்கினால் நிலைமை மாறுமா?
— வாசகர், பரந்தன்

பதில்: மாறாது என்றே நினைக்கிறேன். உங்கள் காணொளியைப் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் ஊரைப் பார்க்கும் ஆசையில் பார்த்தவர்களாக இருப்பார்கள். வாங்க எண்ணுபவர் சிலரே. ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் அந்தச் சிலருக்குக் காணியின் அழகை விட, அது யாருடையது, அதைத் தாம் வாங்க முடியுமா, மாரியில் அங்கே தண்ணீர் நிற்குமா என்பவையே கவலை. பின்னணி இசையும் தென்னைகளும் ‘அருமையான காணி’ என்ற வருணனையும் இவற்றில் ஒன்றுக்கும் விடையாகா.

ஆகவே முதல் அரை நிமிடத்திலேயே பத்திர நிலையைச் சொல்லிவிடுங்கள். வன்னியில் குடியேற்றத் திட்டங்களின் வழியாக வந்த காணிகள் ஏராளம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ கொடுக்கப்பட்ட அவற்றைப் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. எனவே உறுதிக் காணியா (தனியார் உரித்துப் பத்திரம் உள்ளதா), அனுமதிப்பத்திரத்தில் உள்ள பெர்மிற் காணியா என்பது பார்ப்பவரின் முதற் கேள்வியாக இருக்கும். பெர்மிற் காணியாக இருந்து அந்த அனுமதியும் இன்னும் கிடைக்காதிருந்தால், அதற்குக் காணொளியே எடுக்க வேண்டாம். இன்னொன்றையும் மறைக்கக்கூடாது: 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி, இலங்கைக் குடியுரிமையை இழந்து இரட்டைக் குடியுரிமையும் பெறாத ஒருவர் இங்கே காணியை விலைக்கு வாங்கி உரிமையாக்கிக்கொள்ள முடியாது. இதைச் சொன்னால் அழைப்புகள் குறையும் என்பது உண்மைதான். ஆனால் மிஞ்சும் அழைப்புகளில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது. நொத்தாரிசின் மேசை வரை வந்து குழம்பும் விற்பனையால் உங்கள் பெயர் கெடுவதை விட இது எவ்வளவோ மேல்.

படம் எடுக்கும்போது காணியின் வாசலில் தொடங்காதீர்கள். ஏ9 வீதியிலோ முல்லைத்தீவு வீதியிலோ எல்லோருக்கும் தெரிந்த ஒரு சந்தியில் தொடங்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒருவரை இருத்தி, படலை வரை வெட்டாமல் எடுங்கள். தூரமும் ஒழுங்கையின் அகலமும் மின்கம்பங்களும் தாமாகவே தெரிந்துவிடும். உள்ளே, நில அளவைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைக் கல்லிலிருந்து எல்லைக் கல்லுக்கு நடந்து காட்டுங்கள். கிணற்றில் வாளியை இறக்கி நீர்மட்டத்தைக் காட்டுங்கள்; கோடையில் அது எவ்வளவு இறங்கும், தண்ணீர் குடிக்க உகந்ததா என்பதையும் சொல்லுங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் ஊர்கள் பல வெள்ளத்தில் கிடந்ததை வெளிநாட்டில் இருப்பவர்களும் மறக்கவில்லை. அப்போது அந்தக் காணியில் தண்ணீர் நின்றிருந்தால், அயலவரிடமிருந்து வாங்குபவர் அதை அறிவதற்கு முன்னர் உங்கள் வாயாலேயே அறியட்டும். வயற்காணியை ‘வீடு கட்ட உகந்தது’ என்று காட்டுவது வெறும் மிகைப்படுத்தல் அன்று: 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியின்றி வயலை நிரப்பவே முடியாது.

பரப்பளவை ஏக்கரிலும் பரப்பிலும் சொல்லுங்கள். ஓர் ஏக்கர் 16 பரப்பு என்பது யாழ்ப்பாணத்தாருக்குப் பழக்கம். வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அப்படியன்று. தலைப்பில் ‘அவசர விற்பனை’ என்று போடுவதை விட, ‘பரந்தன், 4 பரப்பு, உறுதிக் காணி’ என்று போட்டால் தேடுபவருக்குக் கிடைக்கும். முழுக் காணொளி ஏழெட்டு நிமிடம் போகட்டும். அதிலிருந்து நிலைக்குத்தாக ஒரு சிறு துண்டை யூரியூப்பின் குறுங்காணொளிப் பகுதியான ஷோர்ட்ஸில் போடலாம்; அங்கே மூன்று நிமிடம் வரை இடமுண்டு. ஞாயிறு இரவு எட்டு மணிக்கு வெளியிட்டால், கோடைகாலத்தில் லண்டனில் பிற்பகல் மூன்றரையும் ரொறன்ரோவில் காலை பத்தரையுமாக இருக்கும்.

செலவழித்தே ஆகவேண்டுமென்றால் சட்டையில் செருகும் சிறு ஒலிவாங்கி ஒன்றை வாங்குங்கள். சோளகக் காற்றில் உங்கள் குரல் கேட்காவிட்டால் மேலே சொன்னது எதுவும் பயன்படாது. ட்ரோனுக்குச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் வேண்டும். படைமுகாம்களுக்கு அருகே அதைப் பறக்கவிட்டு எதற்கு வீண் வில்லங்கம்?

உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் எதையும் வெளியிடாதீர்கள். கூட்டுரிமைக் காணியாக இருந்தால் பங்காளிகளிடமும் கேளுங்கள்; வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி அவர்களுக்கு முன்கொள்வனவு உரிமை, அதாவது பிறருக்கு முன் வாங்கும் உரிமை, இருக்கக்கூடும். உறுதியின் பக்கங்களைத் திரையில் காட்ட வேண்டாம். உண்மையாக வாங்க நினைப்பவருக்கு அதன் பிரதியைத் தனியாக அனுப்பினால், அவருடைய சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்துக்கொள்வார். விற்ற காணியின் காணொளியை அழிக்காமல் ‘விற்கப்பட்டது’ என்று குறித்துவிடுங்கள். உங்களைப் புதிதாகக் கண்டுபிடிப்பவர் முதலில் பார்ப்பது அத்தகைய பழைய காணொளிகளைத்தான்.

கேள்வி: காணொளியில் விலையைச் சொல்லலாமா? சொன்னால் அயற்காணிக்காரரும் தம் விலையை ஏற்றிவிடுகிறார்களே.
— வாசகி, வவுனியா

பதில்: சொல்லுங்கள். ‘விலைக்கு அழைக்கவும்’ என்று போட்டால், உள்ளூருக்கு ஒரு விலை, வெளிநாட்டாருக்கு ஒரு விலை என்றே பார்ப்பவர் எண்ணிக்கொள்வார். அந்த எண்ணம் பல இடங்களில் பொய்யுமல்ல. அயலவர் ஏற்றுவதை உங்களால் தடுக்க முடியாது. விலை பேசித் தீர்மானிக்கலாம் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் தரகுப் பணம் எத்தனை வீதம், அதை விற்பவர் தருவதா வாங்குபவர் தருவதா என்பதையும் அதே இடத்தில் சொல்லிவிடுங்கள்.