பர்கூர் மலையில் கல்வி டிவி பார்க்க வழி

அண்ணா, கேபிளும் வரவில்லை, போன் சிக்னலும் இல்லை, பத்தாவது படிக்கும் பொண்ணுக்குக் கல்வித் தொலைக்காட்சி வேண்டும் என்று கேட்டிருந்தீங்க.

பள்ளிக் கல்வித்துறை அதை 2019 ஆகஸ்டில் தொடங்கியபோது அரசு கேபிளில் 200-ம் எண்ணில் கொடுத்தது. கேபிள் ஏறாத மலைக்கு அது உதவாது. நீங்க தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் மாட்டுங்க. தட்டும் பெட்டியும் வாங்கும் செலவுதான், மாதக் கட்டணம் கிடையாது. பெட்டி எம்பெக்-4 என்ற புதிய வகையாக இருக்கட்டும், பழைய வகையில் சில சேனல்கள் வராது. மலை மறைக்குமோ என்ற கவலை வேண்டாம். செயற்கைக்கோள் தென்கிழக்கில் நல்ல உயரத்தில் நிற்கிறது, அந்தப் பக்கம் பலாமரம் கிலாமரம் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அதில் வரும் மத்திய அரசின் கல்விச் சேனல்களான பிஎம் இ-வித்யா வகுப்புச் சேனல்கள் பெரும்பாலும் மத்திய அரசுப் பாடநூலான என்சிஇஆர்டி பாடத்தை ஒட்டியவை. கணக்கு, அறிவியலுக்குக் கைகொடுக்கும், தமிழ் வழிப் பொண்ணுக்கு முழுசாகப் போதாது. அதனால் அந்தியூருக்கு இறங்கும்போதெல்லாம் கல்வித் தொலைக்காட்சியின் யூடியூப் பக்கத்திலிருந்து பாடங்களைப் போனில் சேமித்துக்கொண்டு வாங்க. என்னைக் கேட்டால் பரீட்சைக்கு இதுதான் முக்கியம்.

அப்புறம், விவசாயத்துக்கான டிடி கிசான் சேனலும் அதே தட்டில் இலவசம்தான். ஆனால் இந்தி.