பழைய ஸ்மார்ட் சுவிட்சுகள் வைஃபையை விட்டுப் போவது ஏன்? – கேள்வி பதில்

திருப்பூரில் நிட்டிங் மெஷின் போர்டுகளைப் பழுது பார்ப்பது என் தொழில். நாலைந்து வருடம் ஓடிய ஸ்மார்ட் சுவிட்ச் மாட்யூல்களும் (போனிலிருந்து லைட்டை இயக்க சுவிட்ச் பாக்ஸுக்குள் வைக்கும் சின்ன போர்டு) இப்போது மேசைக்கு நிறைய வருகின்றன. "வைஃபை நிற்க மாட்டேங்குது" என்பதுதான் எல்லோரும் சொல்லும் புகார். அதனால் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். பதிலுக்கு முன் ஒன்று: சுவிட்ச் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னால் எம்.சி.பி.யை (மெயின் போர்டில் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) இறக்குங்கள். இறக்கிய பிறகும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் போகிறேன்.

கோபியிலிருந்து: அண்ணா, 2019இல் போட்ட நாலு பட்டன் மாட்யூல். கையால் அமுக்கினால் லைட் எரிகிறது. போனில் மட்டும் ஆஃப்லைன் என்று காட்டுகிறது. எம்.சி.பி.யை இறக்கி ஏற்றினால் கொஞ்ச நேரம் வேலை செய்கிறது, அப்புறம் மறுபடியும் போய்விடுகிறது. ரௌட்டர் மாற்றவில்லை, அதே ரௌட்டரில் டிவி, போன் எல்லாம் நன்றாக ஓடுகிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

தூக்கிப் போடாதீங்க தம்பி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வைஃபை சிப்பு கெடவில்லை, அதற்குப் போகிற மின்சாரம்தான் தடுமாறுகிறது.

உள்ளே நடப்பது இதுதான். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏ.சி., மாட்யூலுக்குள் போனதும் சுமார் 325 வோல்ட் டி.சி. ஆகிறது. ஒரு சின்ன ஐ.சி. அதை ரிலேவுக்காக (லைட்டை ஆன், ஆஃப் செய்யும் மின் சுவிட்ச்) 5 வோல்ட்டாக இறக்குகிறது. அதிலிருந்து 3.3 வோல்ட் எடுத்து வைஃபை சிப்புக்குக் கொடுக்கிறார்கள். அந்தக் காலத்து மாட்யூல்கள் பலவற்றில் இருப்பது ஈ.எஸ்.பி. 8266 என்கிற சிப்பு. அது சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது இழுப்பது குறைவு. ரௌட்டருக்குச் செய்தி அனுப்பும் அந்த நொடித்துளியில் திடீரென்று சில நூறு மில்லி ஆம்பியர் வரை கேட்கும். அந்தத் திடீர்த் தேவைக்குக் கை கொடுப்பது, மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்தான்.

இந்தக் கெபாசிட்டருக்குள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல மெல்ல வற்றும். 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. மேற்குச் சுவரில், காற்றே புகாத பாக்ஸுக்குள், சித்திரை வெயிலில் நம் ஈரோட்டுப் பக்கம் என்ன சூடு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். போதாததற்குப் பின்னாலேயே ரிலேவின் சூடு வேறு. கெபாசிட்டர் வற்றினால், சிப்பு செய்தி அனுப்பும்போதெல்லாம் 3.3 வோல்ட் குழி விழுகிறது. சிப்பு தடுமாறும், அல்லது ரீசெட் ஆகும். பட்டன் வேலை செய்வதற்கு ரேடியோ தேவையில்லை, அதனால் லைட் எரிகிறது. நமக்கு மாட்யூல் நன்றாக இருப்பதுபோலவே தெரியும்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு "3.3 சரியா இருக்குதே" என்று ஏமாறாதீர்கள். மீட்டர் சராசரியைத்தான் காட்டும், நொடித்துளிக் குழி அதில் தெரியாது. கெபாசிட்டரின் மைக்ரோஃபேரட் அளவும் சரியாகவே காட்டலாம். பார்க்க வேண்டியது கெபாசிட்டரின் உள் தடையை அளக்கும் ஈ.எஸ்.ஆர். மீட்டரில். தலை உப்பியிருந்தால் சோதனையே வேண்டாம், மாற்ற வேண்டியதுதான். அதே மைக்ரோஃபேரட், அதே அல்லது அதற்கு மேற்பட்ட வோல்ட், 105 டிகிரி, லோ ஈ.எஸ்.ஆர். என்று கேட்டு வாங்குங்கள். பிளஸ் மைனஸ் மாறக்கூடாது.

சாலிடரிங் பழக்கம் இல்லையென்றால் நீங்கள் செய்யாதீர்கள். இந்த மாட்யூல்கள் பலவற்றில் ஐசொலேஷன், அதாவது வீட்டு மின்சாரத்திலிருந்து பிரித்து வைக்கும் தடுப்பு, கிடையாது. 3.3 வோல்ட் பகுதி என்று நம்பித் தொடுகிற இடமும் பேஸோடு (மின்சாரம் வரும் வயரோடு) நேராக ஒட்டியிருக்கும். கழற்றி மேசைக்குக் கொண்டு வந்த பிறகும் 400 வோல்ட் கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கலாம்.

அவினாசியிலிருந்து: நெட் கம்பெனி மாற்றினோம், புது பெட்டி வைத்துவிட்டுப் போனார்கள். வீட்டில் இருந்த சுவிட்ச் எல்லாம் ஒரே நாளில் செத்துவிட்டது. ஒவ்வொன்றையும் மறுபடி சேர்க்க வேண்டுமா? ஆப்பில் பாஸ்வேர்டு கூட மறந்துவிட்டது.

ஒன்றையும் தொட வேண்டாம். புது ரௌட்டரில் பழைய வைஃபை பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே வையுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, இடைவெளி உட்பட ஒன்றும் மாறக்கூடாது. சுவிட்சுக்குத் தெரிந்தது அந்தப் பெயரும் பாஸ்வேர்டும்தான்.

அதோடு மூன்று இடங்களைப் பாருங்கள். பாதுகாப்பு டபிள்யூ.பி.ஏ. 3 மட்டும் என்று இருந்தால் பழைய மாட்யூல் சேராது, டபிள்யூ.பி.ஏ. 2க்கு மாற்றுங்கள். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இரண்டையும் ஒரே பெயரில் கலந்து வைத்திருந்தால் பிரித்து, பழைய பெயரை 2.4க்குக் கொடுங்கள். சேனலை ஆட்டோவில் விடாமல் 1, 6, 11 இவற்றில் ஒன்றாக வையுங்கள். நம் நாட்டில் 12, 13 சேனல்களுக்கும் அனுமதி உண்டு, ரௌட்டர் தானாகவே அங்கே போய் உட்காரலாம். வெளிநாட்டுச் சந்தைக்கென்று எழுதிய பழைய ஃபர்ம்வேர் (மாட்யூலுக்குள் ஓடும் மென்பொருள்) சிலவற்றுக்கு அந்த இரண்டும் கண்ணில் படாது.

சூலூரிலிருந்து: 5ஜி வைஃபை போட்டிருக்கிறேன், வேகம் நிறைய. அதில் சுவிட்ச் ஏன் காட்டவில்லை?

நீங்கள் சொல்லும் 5ஜி வைஃபை 5 கிகாஹெர்ட்ஸ். பழைய மாட்யூலின் ரேடியோ 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். வேறு காரணம் இல்லை.

உடுமலையிலிருந்து: சாளையில் (தோட்டத்து வீட்டில்) மூன்று மாட்யூல். மாதாந்திர மின்தடை அன்று சாயங்காலம் கரண்ட் வந்ததும் இரண்டு தானாகச் சேர்ந்துகொள்ளும், ஒன்று சேராது. அதை மட்டும் அணைத்துப் போட வேண்டியிருக்கிறது.

கரண்ட் வந்ததும் மாட்யூல் சில நொடியில் எழுந்துவிடும். ஃபைபர் பெட்டி எழுந்து நெட் பிடிக்கச் சில நிமிடம் ஆகும். பழைய ஃபர்ம்வேர் சிலது கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டு நின்றுவிடும். ரௌட்டருக்கு 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்று வாங்கி வையுங்கள், அல்லது இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். ரௌட்டர் அணையாமல் இருந்தால் சின்ன மின்தடைகளுக்கு இந்தப் பிரச்சினை வராது. காலையிலிருந்து சாயங்காலம் வரை நீளும் தடைக்கு மினி யு.பி.எஸ். தாங்காது, இன்வெர்ட்டர்தான் சரி. ரௌட்டரிலேயே ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஐ.பி. முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள், முகவரிச் சண்டையும் தீரும். இதற்குப் பிறகும் அந்த ஒன்று மட்டும் முரண்டு பிடித்தால், கோபித் தம்பிக்குச் சொன்ன கெபாசிட்டர் கதைதான்.

பல்லடத்திலிருந்து: சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தும்போது மட்டும் மாட்யூல் ஆஃப்லைன் போகிறது. லைட்டை நிறுத்தினால் போவதில்லை. விசித்திரமாக இருக்கிறது.

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள், பாதி வேலை முடிந்தது. ஃபேன் என்பது காயில் (கம்பிச் சுருள்) உள்ள சுமை. ரிலே திறக்கும் நொடியில் அந்தக் காயில் ஒரு பெரிய வோல்ட்டேஜ் துள்ளலைத் திருப்பி அடிக்கும். ரிலே முனையில் நீலப் பொறி பறக்கும், பக்கத்தில் இருக்கும் சிப்பு குழம்பி ரீசெட் ஆகும். புதிதாக இருந்தபோது தாங்கியது, கெபாசிட்டர் தளர்ந்த பிறகு தாங்கவில்லை. ஃபேனின் இரண்டு முனைக்கும் குறுக்கே, அந்தத் துள்ளலை அடக்கும் ஸ்னப்பர் போடுங்கள்: 100 ஓம், 0.1 மைக்ரோஃபேரட், எக்ஸ்2 வகைக் கெபாசிட்டர். இரண்டும் சேர்ந்தே ஒரு பொருளாகக் கிடைக்கும். சாதாரணக் கெபாசிட்டரைப் போடக்கூடாது, எக்ஸ்2 என்று அதன் மேல் அச்சிட்டிருக்க வேண்டும். பக்கத்தில் தறிக் குடோன் இருந்தால் பாக்ஸுக்குள் பஞ்சும் அடைந்திருக்கும். எம்.சி.பி.யை இறக்கிவிட்டு பிரஷ்ஷால் தட்டி எடுங்கள்.

கருமத்தம்பட்டியிலிருந்து: ரௌட்டர் மாற்றியதும் எல்லாம் போய்விட்டது, என்ன செய்வது?

மேலே அவினாசிக்காரருக்குச் சொன்ன பதில்.

தாராபுரத்திலிருந்து: அண்ணா, எங்கள் வீடு பழையது. பாக்ஸில் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) இல்லை என்று எலக்ட்ரீஷியன் எர்த் வயரிலேயே மாட்யூலைக் கொடுத்துவிட்டார். இரண்டு வருடம் நன்றாக ஓடியது. இப்போது வைஃபை அடிக்கடி போகிறது, சில நாள் ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவு வந்தால் தானாக நிறுத்தும் சுவிட்ச்) விழுகிறது. மாட்யூலை மாற்றவா?

மாட்யூல் கிடக்கட்டும். இன்றைக்கே எம்.சி.பி.யை இறக்கி அந்த மாட்யூல்களைக் கழற்றச் சொல்லுங்கள். பழைய சுவிட்சையே போட்டுக்கொள்ளுங்கள். எர்த் வயர் மின்சாரம் எடுத்துக்கொண்டு போவதற்கான வயரே இல்லை. அதில் ஜாயிண்டுகளை யாரும் அக்கறையாகப் போடுவதில்லை, முறுக்கி விட்டுவிடுவார்கள். அது தளரும்போதுதான் உங்கள் வைஃபை போகிறது. ஆர்.சி.சி.பி. விழுவது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று அர்த்தம்.

காங்கயத்திலிருந்து, ஒரு எலக்ட்ரீஷியன்: சார், நானும் அப்படிக் கொடுத்திருக்கிறேன். மாட்யூல் இழுப்பதே சில மில்லி ஆம்பியர். லைட்டின் கரண்ட் அதன் சொந்த நியூட்ரலில்தான் போகிறது. பயமுறுத்துகிற அளவுக்கு இதில் என்ன இருக்கிறது? சுவரை உடைக்க எந்தக் கஸ்டமரும் விடமாட்டார்.

லைட்டின் கரண்ட் எர்த்தில் போகாது என்பது சரிதான். மீதியைக் கேளுங்க. வீட்டில் கிரைண்டர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் உடம்பும் அதே எர்த்தில் கட்டியிருக்கிறது. எர்த் குழிக்குப் போகும் வயர் எங்கோ ஓரிடத்தில் விட்டுப்போகிறது என்று வையுங்கள். விட்டுப்போனது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் எல்லாம் எரிந்துகொண்டுதான் இருக்கும். அப்போது பேஸ், மாட்யூலுக்குள் புகுந்து, எர்த் வயர் வழியாக அத்தனை உடம்புக்கும் வந்து நிற்கும். ஈரக் கையோடு கிரைண்டரைத் தொடுகிறவர்தான் மாட்யூலுக்கு நியூட்ரல். ஒரு மாட்யூல் என்றால் ஷாக். நாலைந்து மாட்யூல் சேர்ந்தால் கூடிக்கொண்டே போகும். மாட்யூலின் நுழைவில் எம்.ஓ.வி. (அதிக வோல்ட்டேஜைத் தாங்கிக்கொள்ளும் பாகம்) இருந்து, இடியிலோ ஓவர் வோல்ட்டேஜிலோ அது ஷார்ட் ஆனால் மில்லி ஆம்பியர் கணக்கெல்லாம் முடிந்தது, நேரடி பேஸ்தான்.

நம்பியூரிலிருந்து: அதற்குத்தானே அண்ணா ஆர்.சி.சி.பி. இருக்கிறது? 30 மில்லி ஆம்பியரில் விழுந்துவிடுமே.

எத்தனை பழைய வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறது தம்பி? இருக்கிற வீட்டிலும், அடிக்கடி விழுகிறது என்று அதை நேரடியாக்கி விட்டுப்போகிறவர்கள் உண்டு. தாராபுரத்தில் நடக்கிறது அதற்கு முந்தைய கட்டம். இன்னொன்று, சில மாட்யூல் ஏ.சி.யின் ஒரு பாதி அலையை மட்டும் எடுக்கும். அப்படிப்பட்ட கசிவைச் சாதாரண ஏ.சி. வகை ஆர்.சி.சி.பி. உணரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அதைக் காவலுக்கு வைத்துக்கொண்டு தெரிந்தே தப்புச் செய்யக்கூடாது.

காங்கயம் எலக்ட்ரீஷியன்: சரிங்க சார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நியூட்ரல் இல்லாத பாக்ஸுக்கு வழி சொல்லுங்கள். எங்களுக்கும் பொழப்பு நடக்க வேண்டும்.

இது நியாயமான கேள்வி. முதலில் அதே போர்டில் பிளக் சாக்கெட் இருக்கிறதா பாருங்கள். சாக்கெட் இருந்தால் நியூட்ரல் அங்கேயே இருக்கிறது. ஒரு லூப் எடுத்தால் முடிந்தது, சுவரை உடைக்க வேண்டாம். சாக்கெட் இல்லாத போர்டு என்றால், மாட்யூலைச் சுவரில் வைக்காமல் மேலே ஃபேன் மூடிக்குள்ளோ சீலிங் ரோஸ் பக்கமோ வையுங்கள், நியூட்ரல் அங்கே இருக்கும். அதுவும் முடியாவிட்டால் நியூட்ரல் தேவைப்படாத வகை மாட்யூல் வருகிறது. லைட்டுக்குக் குறுக்கே அதன் கூடவே வரும் பைபாஸ் கெபாசிட்டரைப் போட வேண்டும், இல்லையென்றால் எல்.இ.டி. மினுக்கும். இது எதற்கும் கஸ்டமர் ஒத்துவரவில்லை என்றால் அந்த வேலையை விட்டுவிடுங்கள்.

வெள்ளகோவிலிலிருந்து: தோட்டத்து மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறேன். புது சிம் போட்டதும் எடுப்பதில்லை.

இது வைஃபை விஷயம் இல்லை, விற்றவரிடம்தான் காட்ட வேண்டும். ஆனால் ஒன்றைப் பாருங்கள்: பழைய ஸ்டார்ட்டர்கள் பெரும்பாலும் 2ஜி. ஜியோவில் 2ஜி கிடையாது.

ஈரோட்டிலிருந்து ஒரு அக்கா: கம்பெனியே சர்வரை மூடிவிட்டால் சுவிட்ச் குப்பைதானா?

அமெரிக்காவில் 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் ஹோம் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றன. வீமோ என்ற ஸ்மார்ட் சாதனங்கள் பலவற்றுக்கு 2026 ஜனவரி 31ஓடு ஆதரவு முடியும் என்று அவற்றைத் தயாரித்த பெல்கின் கம்பெனி முன்கூட்டியே அறிவித்தது. அதனால் உங்கள் பயம் சரியானதுதான் அக்கா. கைப் பட்டன் அப்போதும் வேலை செய்யும். போன் வழி வேண்டுமென்றால், ஈ.எஸ்.பி. சிப்பு உள்ளவற்றில் டாஸ்மோட்டா போன்ற திறந்த ஃபர்ம்வேர் ஏற்றி, வெளி சர்வர் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே ஓட்டலாம். தெரிந்தவரிடம் கொடுத்து ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றும்போது மாட்யூலில் 230 வோல்ட் இருக்கவே கூடாது. கம்ப்யூட்டரும் போகும், ஆளும் போவார்.

அன்னூரிலிருந்து: 5ஜி ரௌட்டரில் சுவிட்ச் சேரவில்லை.

சூலூர்க் கேள்வியைப் பாருங்கள். இந்தக் கேள்விக்கு இனி பதில் எழுதமாட்டேன்.

தாராபுரத்திலிருந்து, மறுபடியும்: கழற்றியாயிற்று அண்ணா. ஹாலில் சாக்கெட் இருக்கிறது, அதிலிருந்து நியூட்ரல் எடுக்கலாம் என்கிறார். எதையாவது கவனிக்க வேண்டுமா?

நல்லது. மாட்யூலுக்கு வரும் பேஸும் நீங்கள் எடுக்கும் நியூட்ரலும் ஒரே ஆர்.சி.சி.பி.யின் கீழ் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். லைட்டுக்கு ஒன்று, பிளக்குக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தால் மாட்யூல் போட்டதும் மறுபடி விழும். கருப்பு வயரில் எடுக்கட்டும், பச்சை வேண்டாம், நாளைக்கு வேறொருவர் திறந்து பார்ப்பார். முடித்ததும் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அமுக்கி விழுகிறதா பாருங்கள். எர்த் வயரையும் குழி வரைக்கும் தேடி, தளர்ந்த ஜாயிண்டைக் கட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.